ஜப்பானிய மண்பாண்டங்களை உறுதியாக்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்பாண்டம் செய்யப் பழகுபவர்களும், ஜப்பானியக் கிண்ணங்களை ஆசையாக வாங்கி வைத்திருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். சிலவற்றுக்குக் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

ஜப்பானிய மண்பாண்டம் என்றாலே பட்டென்று உடைந்துவிடும் என்கிறார்களே?

எந்தப் பாண்டம் என்பதைப் பொறுத்தது. ஒகயாமா மாகாணத்தின் பிஜென் ஊரில், உட்புறம் வரிவரியாகக் கீறிய அரைப்புச் சட்டி செய்வார்கள். "எறிந்தாலும் உடையாது பிஜென் சட்டி" என்று அதைப் பற்றி ஒரு பழைய சொலவடையே உண்டு. எஹிமே மாகாணத்தின் தோபே பீங்கானுக்கு 'சண்டைப் பாத்திரம்' என்று பட்டப்பெயர். புருஷன் பெண்டாட்டி சண்டையில் வீசினாலும் தப்பித்துவிடுமாம்.

இன்னொரு பக்கம் யமகுச்சியின் ஹாகி கிண்ணமும் கியோத்தோவின் ராகு கிண்ணமும் இருக்கின்றன. மென்மையானவை, தண்ணீர் குடிப்பவை, ஒரு தட்டுத் தட்டினால் விளிம்பு போய்விடும். எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு 'ஜப்பானிய மண்பாண்டம்' என்றால் பதில் சொல்ல முடியாது. குறைந்தது மூன்று வகையாவது பிரித்துக்கொள்ள வேண்டும்: துளைகள் மிகுந்த மண்கலம், தண்ணீர் அதிகம் இறங்காதபடி இறுகச் சுட்ட கல்கலம் (பிஜென் இந்த வகை), கல்லை அரைத்துச் சுமார் 1,300 டிகிரியில் சுடும் பீங்கான் (அரிதா, ஹசாமி, தோபே).

உறுதி என்று எதைச் சொல்கிறீர்கள்?

இதைக் கேட்காமல் வேலையில் இறங்குவதால்தான் பல முயற்சிகள் வீணாகின்றன. ஒரு பாத்திரத்திடம் நாம் எதிர்பார்க்கும் உறுதி ஒன்றல்ல.

அடுக்கி வைத்தால் வளைந்து உடையக் கூடாது என்பது ஒன்று. குழாயில் இடித்தால் விளிம்பு சில்லாகப் பெயரக் கூடாது என்பது இன்னொன்று. அடுப்பிலிருந்து இறக்கி ஈரத் துணியில் வைத்தால் விரிசல் விடக் கூடாது என்பது மூன்றாவது. முதலிரண்டும் ஓரளவு சேர்ந்து வரும். மூன்றாவது பல சமயம் எதிர்த்திசையில் இழுக்கும். இறுகிய, துளையில்லாத பீங்கான் வளைவைத் தாங்கும். அதையே நெருப்பில் வைத்தால் வெடித்துவிடும். டொனாபே எனும் ஜப்பானிய மண்சட்டி நேரெதிர். உங்கள் பாத்திரம் எங்கே, எப்படி உடைகிறது என்று முதலில் பாருங்கள். மருந்து அதற்கேற்றதாக இருக்கட்டும்.

சுட்ட மண் ஏன் உடைகிறது?

இரும்பு வளையும், சுட்ட மண் வளையாது. இழுவிசை வந்தால் அதைச் சமாளிக்க அதற்கு வழியே இல்லை. உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஒரு சின்னப் பிளவின் நுனியில் விசை குவிந்து, அந்தப் பிளவு ஓடத் தொடங்கும். கண்ணாடியை வைத்து இதை விளக்கியவர் ஆங்கிலேயப் பொறியாளர் கிரிஃபித். அவருடைய கட்டுரை 1921-ல் வந்தது. பிளவு நான்கு மடங்கு பெரிதானால் தாங்கும் திறன் பாதியாகும் என்பது அவர் தந்த கணக்கின் சாரம்.

இதில் கவனிக்க வேண்டியது, பாத்திரத்தின் உறுதியை முடிவு செய்வது அதிலுள்ள மிகப் பெரிய குறைதான் என்பது. சராசரியாக நல்ல மண், சராசரியாக நல்ல சூடு எல்லாம் இருந்தும், உள்ளே ஒரு கல், ஒரு காற்றுக்குமிழி, அடியில் ஒரு மயிரிழை விரிசல் இருந்தால் உடைவு அங்கிருந்துதான் கிளம்பும். ஆகவே உறுதியைக் கூட்டும் வேலையில் பாதிக்கு மேல், குறைகளைச் சிறிதாக்கும் வேலைதான். புதிதாக எதையும் சேர்ப்பது அதற்கப்புறம்.

இன்னொன்றும் உண்டு. ஈரம் பட்டால் பிளவின் நுனியிலுள்ள சிலிக்கா (மணலின் முக்கியப் பொருள்) பிணைப்புகள் எளிதில் அறும். உடனே உடைக்கப் போதாத சிறு அழுத்தம்கூட ஈரத்தில் நாள்பட்டால் விரிசலை மெல்ல நகர்த்தும். "நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்று கையில் எடுத்ததும் பிளந்துவிட்டது" என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான்.

மண்ணைத் தயார் செய்வதில் என்ன செய்யலாம்?

ஜப்பானியக் குயவர்கள் காலங்காலமாகச் செய்துவரும் மூன்று வேலைகளைச் சொல்லலாம்: இடிப்பது, கரைத்துத் தெளிய வைப்பது, பிசைவது.

ஒய்தா மாகாணத்து மலைக்கிராமமான ஒந்தாவில் இடிப்பதற்கு இன்றும் ஓடைத் தண்ணீரைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒரு பெரிய மரத்தின் ஒரு முனையைத் தொட்டியாகக் குடைந்திருப்பார்கள். அதில் தண்ணீர் நிரம்பியதும் அந்தப் பக்கம் தாழ்ந்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுமுனை 'தொம்' என்று மண்ணின் மேல் விழும். இரவும் பகலும் வாரக்கணக்கில் இது நடக்கும். அப்படி இடித்த மண்ணைத் தண்ணீரில் கரைத்து, சலித்து, மேலே மிதக்கும் நுண்மண்ணை மட்டும் எடுத்துத் தெளிய வைத்து உலர்த்துவார்கள். பெரிய கற்கள், வேர்த்துண்டுகள், சுண்ணாம்புக் குருணைகள் எல்லாம் இந்தக் கட்டத்திலேயே கழிந்துவிடுகின்றன. பின்னால் விரிசலுக்குப் பிறப்பிடமாகக் கூடியவை அவைதான். சுண்ணாம்புக் குருணை தனி வில்லன்: சூளையில் சுடப்பட்டு, வெளியே வந்தபின் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உப்பி, மேற்பரப்பைச் சில்லாகப் பெயர்த்துவிடும்.

பிசைவதில் செவ்வந்தி இதழ் அடுக்குப் போலத் தெரியும் சுழல்பிசைவு ஒன்று உண்டு. அதைப் படிக்கவே மூன்று ஆண்டு என்பார்கள். நோக்கம் காற்றை வெளியேற்றுவதும் ஈரத்தைச் சீராகப் பரப்புவதும். காற்றுக்குமிழி இருந்தால் சூளையில் வெடிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். வெடிக்க வைப்பது உலராத ஈரம் ஆவியாவதுதான், குமிழி வெடிக்காது. ஆனால் குமிழி ஒரு குறை. சுட்டபின் உடைவு அங்கே தொடங்கலாம்.

மண்ணை மாதக்கணக்கில் ஈரத்தோடு மூடி வைத்திருப்பது நெகிழ்வைக் கூட்டும். சுட்ட பாத்திரத்தின் உறுதியை அது நேரடியாகக் கூட்டுவதில்லை. வனையும்போது கிழிசல்கள் குறைவதால் வரும் பலன்தான்.

பீங்கானில் குவார்ட்ஸ் துகளின் அளவு முக்கியம் என்கிறார்களே, ஏன்?

அரிதாவில் பீங்கான் தொழில் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இசுமியாமா குன்றில் வெட்டிய பீங்கான் கல்லைக் கொண்டு தொடங்கியது. பிற்காலத்தில் குமமோத்தோ மாகாணத்து அமகுசா கல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இந்தக் கல்லில் குவார்ட்ஸ் எனும் படிகச் சிலிக்காவும் செரிசைட் எனும் மைக்கா வகைக் கனிமமும் இயல்பாகவே கலந்திருப்பதால், கிட்டத்தட்ட ஒரே கல்லை அரைத்தே பீங்கான் செய்துவிடலாம். குவார்ட்ஸ் நிறைய இருக்கும் என்பதுதான் இதில் விஷயம்.

குவார்ட்ஸ் 573 டிகிரியில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும். சூளை ஆறும்போது அந்த வெப்பநிலையைக் கடக்கையில் சட்டென்று சுருங்கும். சூட்டில் உருகி உண்டாகிச் சுற்றியிருக்கும் கண்ணாடிப் பகுதி அவ்வளவு சுருங்காது. துகள் பெரிதாக இருந்தால் அதைச் சுற்றி வளையமாக நுண்விரிசல் விழும். ரொம்பவும் நுண்ணியதாக அரைத்தால் துகள் கண்ணாடியில் கரைந்தே போய்விடும்; அதனால் கிடைத்திருக்கக்கூடிய நன்மையும் போய்விடும். நடுவில், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கிலிருந்து மூன்று பங்குவரை உள்ள துகள்தான் பொதுவாக நல்ல பலன் தருகிறது. அந்த அளவில் குவார்ட்ஸ் சுற்றியுள்ள கண்ணாடியை அழுத்தத்தில் வைத்திருக்கும், அதைப் பிளக்காது.

என்னைக் கேட்டால், சொந்தமாகப் பீங்கான் கலவை தயாரிப்பவர்கள் எந்தப் புதுப்பொருளையும் தேடுவதற்கு முன் பந்து ஆலையில் (குண்டுகள் உருண்டு அரைக்கும் உருளை) எவ்வளவு நேரம் அரைக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும். செலவில்லாத மேம்பாடு அதுதான்.

அலுமினா சேர்த்த பீங்கான் என்பது என்ன?

ஜப்பானியப் பள்ளிகளின் மதிய உணவோடு சேர்ந்த கதை இது. போருக்குப் பின் அங்கே பிள்ளைகள் அலுமினியத் தட்டில் சாப்பிட்டார்கள். பிறகு பிளாஸ்டிக் வந்தது. 1990-களின் கடைசியில் பாலிகார்பனேட் பாத்திரங்களிலிருந்து பிஸ்பினால்-ஏ எனும் வேதிப்பொருள் கசியுமோ என்ற கவலை பரவியதும், பீங்கானின் மேல் பார்வை அதிகம் திரும்பியது. ஆனால் தினமும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கையாண்டு, கூடையில் அடுக்கி, இயந்திரத்தில் கழுவும் பாத்திரம் சாதாரணப் பீங்கானாக இருக்க முடியாது.

அதற்காகக் கலவையிலுள்ள குவார்ட்ஸின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, நுண்ணிய அலுமினா (அலுமினிய ஆக்சைடு) தூளைச் சேர்த்தார்கள். அலுமினா 573 டிகிரியில் அப்படித் துள்ளாது. மிகக் கடினமானது, கண்ணாடியில் எளிதில் கரையாது, ஓடிவரும் விரிசலைத் திசைதிருப்பும். சாதாரணப் பீங்கான் வளைவில் சுமார் 70 முதல் 100 மெகாபாஸ்கல் (பரப்பளவுக்கு எவ்வளவு விசை என்பதன் அலகு) தாங்கும் என்றால், இவ்வகை 150-ஐத் தாண்டும். நன்றாகச் செய்தால் 200-க்கு மேலும் போகும்.

குறைகளும் உண்டு. அலுமினாவின் அடர்த்தி குவார்ட்ஸைப் போல ஒன்றரை மடங்கு, எனவே பாத்திரம் கனக்கும். சூடு கூடுதலாகத் தேவைப்படலாம். ஒளி ஊடுருவும் அந்த மெல்லிய வெண்மை மங்கும். அப்புறம், அதிக விசையைத் தாங்கிய பொருள் கடைசியில் உடையும்போது சேமித்த ஆற்றலை எல்லாம் ஒரே நேரத்தில் விடுவதால் சில்லுகள் தூரம் தெறிக்கும். உறுதி என்றால் உடையாது என்று பொருளல்ல.

அலுமினா சேர்த்தால் அது பாரம்பரியப் பாண்டம் ஆகுமா?

சட்டப்படி பார்த்தால் சிக்கல்தான். பாரம்பரியக் கைவினைகளை ஊக்குவிக்க ஜப்பான் 1974-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பெரும்பாலும் கையால் செய்ததாக இருக்க வேண்டும், நுட்பமும் மூலப்பொருளும் வழிவழியாக வந்தவையாக இருக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகளில் சில. நூறு ஆண்டுகளாவது தொடர்ந்து வந்திருக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்கிறார்கள். மூலப்பொருளையே மாற்றினால் அந்த வரையறைக்குள் நிற்பது கஷ்டம்.

சட்டம் இருக்கட்டும். உணவகத்துக்கும் பள்ளிக்கும் அலுமினா சேர்த்த பீங்கான் சரியான விடை. ஆனால் பிஜென் மண்ணிலோ ஹாகி மண்ணிலோ அலுமினாவைக் கொட்டினால் கிடைப்பது பிஜெனும் அல்ல, ஹாகியும் அல்ல. உறுதியாக்கும் வழிகள் அந்த மரபுகளுக்குள்ளேயே நிறைய இருக்கின்றன. அவற்றைத் தொடாமல் பைத்தூளைத் தேடிப் போவது சோம்பேறித்தனம்.

வனையும்போது கவனிக்க வேண்டியது என்ன?

அடிப்பகுதியைத்தான். ஜப்பானில் ஒரு பெரிய மண்குவியலைச் சக்கரத்தில் நிறுத்தி, அதன் உச்சியிலிருந்து ஒவ்வொன்றாகக் கிண்ணங்களை எடுப்பது வழக்கம். வேகமான முறை. ஆனால் கிண்ணத்தின் அடிமண் பலகையில் அழுத்தப்படுவதில்லை. சுவர் மண் மேலே இழுபட்டு இறுகியிருக்கும். அடி தளர்வாக, ஈரம் கூடுதலாக இருக்கும். உலரும்போது அடி அதிகமாகச் சுருங்கி, நடுவில் பாம்பு நெளிந்தது மாதிரி ஒரு வெடிப்பு விழும். இதைத் தவிர்க்க, சுவரைத் தூக்குவதற்கு முன்பே விரல் நுனியாலோ மரக்கட்டையாலோ அடியை நடுவிலிருந்து வெளியேயும், வெளியேயிருந்து நடுவுக்கும் சிலமுறை அழுத்தித் தேய்க்க வேண்டும். உள்ளே தேங்கும் தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது விளிம்பு. வனைந்து முடிந்ததும் ஈரமான மெல்லிய தோல்பட்டையை மடித்து விளிம்பின் மேல் வைத்துச் சக்கரத்தை மெதுவாகச் சுற்றுவார்கள். பார்க்க மழமழப்புக்காகச் செய்வது போலத் தெரியும். விளிம்பு மண் இறுகி உருள்வதுதான் பெரிய லாபம். கூரான விளிம்பில் இடி ஒரு புள்ளியில் விழும். உருண்ட விளிம்பில் பரவும்.

கைப்பிடி ஒட்டுவதாக இருந்தால் இரண்டும் ஒரே ஈரத்தில் இருக்கும்போது ஒட்டுங்கள். உலர்த்துவதை அவசரப்படுத்தாதீர்கள். சூளையில் பிளந்ததாக நினைக்கும் பாத்திரங்களில் பல, அலமாரியிலேயே பிளந்தவை.

கிளேஸ் பூச்சுக்கும் உறுதிக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய. ஆனால் யாரும் கேட்காத கேள்வியும் இதுதான். கிளேஸ் என்பது பாத்திரத்தின் மேல் உருகிப் படியும் கண்ணாடிப் பூச்சு.

மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மாட்டுவார்கள். ஆறும்போது பட்டை சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிக்கும். இங்கே பட்டையின் வேலையைச் செய்வது உள்ளேயிருக்கும் மண். ஆறும்போது மண் கிளேஸைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சுருங்கினால், மேலேயுள்ள கிளேஸ் நிரந்தரமாக இறுக்கத்தில் இருக்கும். கண்ணாடி இழுவிசையில்தான் உடையும். இறுக்கத்தைப் பல மடங்கு தாங்கும். ஆகவே வெளியிலிருந்து வரும் விசை முதலில் அந்த இறுக்கத்தைத் தீர்த்த பிறகே விரிசலைத் திறக்க முடியும்.

மாறாகக் கிளேஸ் அதிகமாகச் சுருங்கினால் அது இழுபட்டு, வலைவலையாக வெடிக்கும். அந்த வலைவெடிப்பை ஜப்பானில் அழகாகவே வளர்த்திருக்கிறார்கள். வெள்ளை சத்சுமா பாத்திரங்களின் நுண்வெடிப்பைப் பார்த்தால் ஏன் என்று புரியும். ஆனால் ஒவ்வொரு வெடிப்பும் ஒரு தயார்நிலை விரிசல். அதே மண், அதே சூடு, வெடிப்பில்லாத கிளேஸ் என்று மாற்றினாலே பாத்திரம் கணிசமாக உறுதியாகும்.

எப்படி மாற்றுவது? கிளேஸில் சோடியம், பொட்டாசியம் குறைந்து சிலிக்கா கூடினால் அதன் சுருக்கம் குறையும். சோடியமும் பொட்டாசியமும் தரும் ஃபெல்ஸ்பார் கனிமத்தைக் கொஞ்சம் குறைத்துக் குவார்ட்ஸ் தூளைக் கொஞ்சம் கூட்டுவது வழக்கமான முதல் அடி. மிஞ்சிப் போகக் கூடாது. இறுக்கம் அதிகமானால் விளிம்பிலும் கைப்பிடியிலும் கிளேஸ் செதிலாகப் பெயர்ந்துவிடும். உணவுப் பாத்திரத்தில் அது ஆபத்து.

துளை மிகுந்த மண்ணாக இருந்தால் இன்னொரு தொல்லை. பல மாதம் கழித்து மண் ஈரத்தை உறிஞ்சி மெல்ல உப்பும். அன்றைக்கு நன்றாக இருந்த கிளேஸ் பிறகு வெடிக்கும். இதற்குக் கிளேஸை மாற்றிப் பயனில்லை. மண்ணை இன்னும் இறுகச் சுட வேண்டும்.

அதிகம் சுட்டால் அதிக உறுதிதானே?

ஓர் எல்லை வரை. சூடு ஏற ஏறக் களிமண் முல்லைட் எனும் ஊசிப் படிகங்களாகவும், மீதி கண்ணாடியாகவும் மாறித் துளைகள் அடைபடும். அந்த எல்லையைத் தாண்டினால் உள்ளே வாயு கிளம்பிப் புதுக்குமிழிகள் உண்டாகும், பாத்திரம் தொய்யும், உறுதி இறங்கும்.

பிஜெனில் நெல்வயலுக்கு அடியிலிருந்து தோண்டும் மண் இரும்பு மிகுந்தது, நுண்ணியது, பயங்கரமாகச் சுருங்கக்கூடியது. அதிரடிச் சூட்டுக்கு அது தாங்காது. அதனால் விறகுச் சூளையில் இரண்டு வாரம் வரைகூட மெல்ல மெல்ல ஏற்றி, 1,200 டிகிரியை ஒட்டி நிறுத்துகிறார்கள். கிளேஸ் இல்லாமலே தண்ணீர் நிற்கும்படி மண் இறுகிவிடுகிறது. எறிந்தாலும் உடையாத சட்டி இந்தப் பொறுமையில் பிறந்ததுதான்.

ஆற்றுவதிலும் அதே நிதானம் வேண்டும். 573 டிகிரியை ஒட்டியும், 200 முதல் 270 டிகிரி வரையிலும் அவசரம் கூடாது. பின்னதில் கிரிஸ்டோபலைட் எனும் இன்னொரு சிலிக்கா வடிவம் துள்ளும். ஆர்வம் தாங்காமல் சூளைக் கதவைத் திறப்பவர்களுக்கு 'டிங்' என்ற ஓசை கேட்கும். அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும்.

மண்ணையும் சூட்டையும் தொடாமல் வடிவத்தால் உறுதியைக் கூட்ட முடியுமா?

தாராளமாக. வளைவைத் தாங்கும் திறன் தடிமனின் இருமடிக்கு ஏற்பக் கூடும். தடிமன் இரட்டித்தால் தாங்கும் சுமை நான்கு மடங்கு. 1777-ல் தொடங்கிய தோபே பீங்கான் தடிமனை நம்பியே பேர் வாங்கியது.

இன்னும் சாமர்த்தியமான உதாரணம் ஹசாமி. எடோ காலத்தில் (1603–1868) யோதோ ஆற்றில் பயணப்படகுகளை ஒட்டித் தோணியில் வந்து சோறும் சாராயமும் விற்பவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய கிண்ணம் என்று பெயர்பெற்ற மலிவான ஹசாமிக் கிண்ணங்கள் தடித்த சுவரும், அகன்று உயர்ந்த பாதமும், கீழே இறங்கிய கனமும் கொண்டவை. ஆடும் படகில் கவிழாது, கவிழாததால் உடையாது. உடைவதைத் தடுக்கப் பொருளின் உறுதி மட்டுமே வழி என்று நினைப்பவர்கள் இந்தக் கிண்ணத்தைப் பார்க்க வேண்டும்.

எல்லா இடத்திலும் தடிமன் தேவையில்லை. விளிம்பு, பாதம் சுவரோடு சேரும் மூலை, கைப்பிடி ஒட்டுமிடம் ஆகிய மூன்றும் போதும். மூலையைக் கூர்மையாகச் செதுக்காமல் உருட்டி விடுங்கள். ஒரே பாத்திரத்தில் ஓரிடம் தடிமன், பக்கத்திலேயே மெலிவு என்றிருந்தால் உலரும்போதே சண்டை ஆரம்பம்.

டொனாபே நேரடி நெருப்பில் எப்படித் தாங்குகிறது?

இரண்டு வழிகள். மியே மாகாணத்தின் இகா மண், முற்காலத்தில் பிவா ஏரியின் அடியில் படிந்தது. அதில் மட்கிய தாவரங்களின் மிச்சம் நிறைய. சுடும்போது அவை எரிந்துபோய் நுண்துளைகளை விட்டுச் செல்கின்றன. விரிசல் ஓடி வந்தால் துளையில் விழுந்து நின்றுவிடும். வளைவுச் சோதனையில் இந்த மண் பரிதாபமான மதிப்பெண்தான் வாங்கும். நெருப்பில் அதுதான் ஜெயிக்கும்.

அதே மாகாணத்து யொக்காய்ச்சி ஊரின் பான்கோ சட்டி வேறு வழி. மண்ணில் ஏறத்தாழ 40 சதவீதம் பெட்டலைட் எனும் லித்தியம் கனிமத்தைச் சேர்க்கிறார்கள். சுடும்போது அது சூட்டில் கிட்டத்தட்ட விரிவடையாத படிகமாக மாறிவிடும். விரிவே இல்லை என்றால் வெடிக்கக் காரணமும் இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்த இந்த நுட்பத்தால்தான் ஜப்பானில் விற்கும் டொனாபேக்களில் பெரும்பகுதி இன்று பான்கோ. மின்வாகன பேட்டரிகளால் லித்தியத்துக்குக் கிராக்கி ஏறி, 2022 டிசம்பரில் ஜிம்பாப்வே பதப்படுத்தாத லித்தியம் தாது ஏற்றுமதிக்குத் தடை போட்டதும், அங்கிருந்து பெட்டலைட்டை வாங்கிவந்த இந்தச் சட்டிக்காரர்களுக்கும் தலைவலி வந்தது.

வீட்டுப் பட்டறையில் பெட்டலைட்டை முயல்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மண் விரியாது, சுருங்காது என்றால் சாதாரண கிளேஸ் அதன்மேல் கட்டாயம் வெடிக்கும். கிளேஸிலும் லித்தியம் வேண்டும்.

ராகு, ஹாகி கிண்ணங்களை உறுதியாக்குவது எப்படி?

வேண்டாம். அவற்றின் மென்மையும் துளையும்தான் தேநீரின் சூட்டைக் கையில் சுடாமல் வைக்கின்றன. ஹாகியில் தேநீர் ஊறி வருடக்கணக்கில் நிறம் மாறுவதும் அதனால்தான். இறுகச் சுட்டால் அது இன்னொரு கிண்ணம். பாதத்தையும் விளிம்பையும் ஒழுங்காகச் செய்யுங்கள், மெதுவாக உலர்த்துங்கள். அதோடு விடுங்கள்.

வாங்கிய பாத்திரத்தை வீட்டில் உறுதியாக்க முடியுமா? கொதிக்க வைத்தால் போதும் என்கிறார்களே?

ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்ட பொருளை நூறு டிகிரித் தண்ணீர் ஒன்றும் செய்யாது. ஆனால் துளைகளை அடைக்கலாம். புது டொனாபேயில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் சோறு போட்டு, சிறுதீயில் கஞ்சியாகக் காய்ச்சி, அப்படியே ஆறவிட்டுக் கழுவிக் காயவைக்கச் சொல்வார்கள். ஹாகி, கராத்சு போன்ற கிண்ணங்களை அரிசி களைந்த தண்ணீரில் இட்டு மெதுவாகச் சூடேற்றுவார்கள். மாவுச்சத்து துளைகளிலும் வெடிப்புகளிலும் போய் அடைத்துக்கொள்ளும். புது மண்சட்டியைக் கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பழக்கும் நம் வீடுகளுக்கு இது புதிதல்ல. கசிவும் கறையும் குறையும். ஈரம் உள்ளே போவது குறைவதால் சட்டி நீடிக்கும். பீங்கானுக்கு இது எதுவும் தேவையில்லை.

ஒரு விஷயம் மட்டும்: நன்றாகக் காய்ந்த பிறகே அடுக்குங்கள். ஈரத்தோடு அலமாரியில் வைத்தால் பூசணம் பிடிக்கும். ஈரம் ஊறிய மண்கலத்தை மைக்ரோவேவில் வைத்தால் உள்ளே ஆவி கிளம்பிப் பிளக்கும்.

கின்ட்சுகி செய்தால் முன்பைவிட உறுதியாகுமா?

ஆகாது. கின்ட்சுகி என்பது உடைந்த துண்டுகளை ஒட்டி, ஒட்டிய கோட்டில் பொன்துகள் தூவும் ஜப்பானிய முறை. பொன்துகள் மேலே தூவும் அழகுதான். பிடித்து வைத்திருப்பது உருஷி எனும் மரப்பால். அதோடு கோதுமை மாவைக் குழைத்துத் துண்டுகளை ஒட்டுவார்கள். உருஷி காய்வதற்கு வறண்ட காற்று உதவாது. 70 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் வேண்டும், வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். முறையாகச் செய்த ஒட்டு தினப்பயன்பாட்டைத் தாங்கும். கனமான கோப்பையின் கைப்பிடியை மட்டும் நம்பித் தூக்காதீர்கள். மைக்ரோவேவும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் கூடவே கூடாது.

காயாத உருஷி தோலில் பட்டால் கொப்புளம் வரும். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைத்துப் பழகியவர்களுக்கு இது எப்படிப்பட்ட எரிச்சல் என்று சொல்ல வேண்டியதில்லை. முந்திரி ஓட்டு எண்ணெயும் உருஷியும் வேதியியலில் நெருங்கிய சொந்தம். அந்த எண்ணெயிலிருந்து செய்யும் பூச்சை உருஷிக்கு மாற்றாக ஜப்பானில் விற்கிறார்கள். அலங்காரப் பொருளுக்குச் சரி, உணவு படும் பாத்திரத்துக்கு வேண்டாம்.

கின்ட்சுகி ஒன்றே வழி என்றும் நினைக்காதீர்கள். தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் சீனாவில் செய்த ஒரு பச்சைப் பீங்கான் கிண்ணம் இருக்கிறது. அதன் விரிசலை உலோகக் கொக்கிகளால் தைத்திருக்கிறார்கள். எடோ காலத்தில் ஈயக் கண்ணாடியை உருக்கிப் பீங்கானை ஒட்டுபவர்களும் இருந்தார்கள். அப்படி ஒட்டிய பழம்பாத்திரம் கிடைத்தால் பார்வைக்கு மட்டும் வையுங்கள், அது ஈயம்.

நம் ஊர்க் குளத்து மண்ணையும் பிஜென் மாதிரிச் சுட முடியுமா?

ஒரு சின்ன வில்லையைச் சுட்டுப் பார்த்தால் தெரியும். இரும்பும் காரமும் மிகுந்த மண் பல, 1,100 டிகிரியை ஒட்டியே தொய்ந்து உப்பிவிடும். அப்படியானால் அந்த மண்ணுக்குரிய சூட்டிலேயே நின்று, மண் தயாரிப்பிலும் வடிவத்திலும் கவனம் வையுங்கள்.

செய்த மாற்றம் பலன் தந்ததா என்று வீட்டில் எப்படிச் சோதிப்பது?

தண்ணீர் உறிஞ்சும் அளவை முதலில் பாருங்கள். கிளேஸ் இல்லாத சுட்ட துண்டை உலர்த்தி எடை போட்டு, ஐந்து மணி நேரம் கொதிக்க வைத்து, ஒரு நாள் ஊறவிட்டு, மேல்தண்ணீரை ஒற்றிவிட்டு மறுபடி எடை போடுங்கள். கூடிய எடைதான் துளைகளின் கணக்கு.

உறுதிக்கு, சுட்டபின் 10 மி.மீ. அகலமும் 6 மி.மீ. தடிமனும் இருக்கும்படி சுமார் 13 செ.மீ. நீளச் சட்டங்கள் செய்யுங்கள். ஒவ்வொரு கலவைக்கும் பத்துக்குக் குறையக் கூடாது. 10 செ.மீ. இடைவெளியுள்ள இரண்டு தாங்கிகளின் மேல் சட்டத்தை வைத்து, நடுவில் வாளியைத் தொங்கவிட்டு, உடையும்வரை மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வாளி தரையிலிருந்து ஓரங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டாம். 15 கிலோவில் உடைந்தால் தோராயமாக 60 மெகாபாஸ்கல். அதற்கு நேர்விகிதத்தில் மற்றவற்றைக் கணக்கிடலாம்.

சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். பத்தில் எட்டு நன்றாகத் தாங்கி இரண்டு மட்டும் பாதியிலேயே போனால், வாடிக்கையாளர் கையில் உடையப்போவது அந்த இரண்டின் உறவுகள்தான். அவற்றின் உடைந்த முகத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். அடிப்பக்க விளிம்பை ஒட்டி ஒரு குமிழியோ, கருப்புப் புள்ளியோ, குருணையோ தெரியும். குமிழி என்றால் பிசைவு, குருணை என்றால் சல்லடை, கருப்பு என்றால் முதல் சூட்டில் எரியாமல் தங்கிய கரி. அடுத்த சுற்றில் எதை மாற்ற வேண்டும் என்பது அங்கேயே இருக்கும்.